அணு சிதைவதற்குக் காரணம் உண்டா? – கேள்வி பதில்

காரண காரியம் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில. இயற்பியல் வாத்தியார் பழக்கம், சில பதில்கள் நீண்டுவிட்டன.

பர்கூர், கிரானைட் குவாரி ஊழியர்: சார், கல்லுக்குள் இருக்கும் கதிரியக்க அணு எதனால் வெடிக்கிறது? காரணமே இல்லை என்கிறார்களே?

வெடிப்பதில்லை, சிதைகிறது. பல வகை கிரானைட்டில் பொட்டாசியம் உண்டு. அதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஓர் அணு பொட்டாசியம்-40. அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 125 கோடி ஆண்டு. (பயப்படாதீர்கள், உங்கள் உடம்பிலும் அது இருக்கிறது.) அது ஏன் சிதையக்கூடியது என்பதற்குக் காரணம் தெரியும்: அணுக்கருவுக்குள் செயல்படும் வலுக்குறைந்த விசை. ஆனால் இந்த அணு இன்றைக்குச் சிதைய, பக்கத்து அணு ஏன் சும்மா இருக்கிறது? அணு அளவில் நடப்பதை விளக்கும் குவாண்டம் கோட்பாட்டின் கணக்கில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. சிதைபவற்றில் நூற்றுக்கு 89 போலக் கால்சியமாகின்றன, மீதி ஆர்கானாகின்றன. எது எதுவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆக, காரணம் இருக்கிறது. அது வாய்ப்பை நிர்ணயிக்கிறது, ஒவ்வொரு அணுவின் முடிவையும் அல்ல.

அரூர், கல்லூரி மாணவி: நமக்குத் தெரியாத ஏதோ உள்ளே ஒளிந்திருக்கலாமே?

1935ல் ஐன்ஸ்டைனும் பொடோல்ஸ்கியும் ரோசனும் குவாண்டம் கோட்பாடு முழுமையில்லை என்றுதான் வாதிட்டார்கள். 1952ல் டேவிட் போம், எல்லாம் முன்பே தீர்மானமாகும் ஒரு கோட்பாட்டையே அமைத்துக் காட்டினார். அதில் தூரத்துத் துகள் இங்குள்ளதை உடனே பாதிக்கும் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அதனால் ‘காரணமே கிடையாது’ என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சந்தூர், மாந்தோப்புக்காரர்: ஒரு பெட்டியில் செந்தூரா, இன்னொன்றில் பெங்களூரா. ஒன்றை ஓசூரில் திறந்தால் அரூரில் இருப்பது தெரிந்துவிடும். பின்னிப்பிணைந்த துகளில் இதைவிட என்ன அதிசயம்?

நல்ல கேள்வி. பின்னிப்பிணைந்த துகள்கள் என்றால், எவ்வளவு தூரம் பிரிந்தாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ள ஜோடி. பெட்டியிடம் நீங்கள் கேட்பது ஒரே கேள்வி, என்ன பழம் என்று. துகளைப் பல கோணங்களில் அளக்கலாம். எல்லாக் கோணத்துக்குமான பதிலும் கிளம்பும்போதே உள்ளே இருந்து, ஒரு பக்க அளவீடு மறுபக்கத்தைத் தொடாமலும் இருந்தால், இருபக்கப் பதில்களும் ஒத்துப்போவதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1964ல் ஜான் பெல் நிரூபித்தார். வழக்கமான அளவுகோலில் அந்த எல்லை 2. குவாண்டம் கணக்கு 2.83 வரை போகும். 2015ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் அளந்தபோது வந்தது 2.42. பெட்டிக் கதை அங்கேயே அடிபட்டுப் போனது. இந்தத் துறைக்குத்தான் 2022ல் ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல்.

ஓசூர்: அப்போ இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா?

முடியாது. ஒவ்வொரு பக்கமும் தனியாகப் பார்த்தால் பூவா தலையா மாதிரிதான் வரும். இரண்டு பட்டியலையும் போன் போட்டு ஒப்பிட்ட பிறகுதான் ஒற்றுமை தெரியும்.

பாலக்கோடு: கர்ம வினையை இது பொய்யாக்குகிறதா?

என் பாடம் இல்லை ஐயா. இயற்பியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பென்னாகரம், ஆசிரியை: காரியம் முந்தி, காரணம் பிந்தி நடக்குமா சார்?

அப்படி யாரும் காட்டியதில்லை அம்மா. ஆனால் 2015ல் வியன்னாவில் ஓர் ஒளித்துகளை, இரண்டு செயல்களில் எது முதல், எது இரண்டாவது என்ற வரிசையே தீர்மானமாகாத நிலையில் அனுப்பினார்கள். வரிசை உண்மையிலேயே கலைந்ததா, கலைந்த மாதிரி ஓர் ஏற்பாடா என்று நிபுணர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது.