வறட்சி தாங்கும் என்று வாங்கிய செடி ஏன் காய்ந்தது?

கேள்வி: வீட்டு முன்புறத்துப் புல்வெளியை எடுத்துவிட்டு, வறட்சியைத் தாங்கும் என்று சொல்லி விற்ற இருபது செடிகளை நட்டோம். தினமும் மாலையில் பத்து நிமிடம் தண்ணீர் தெளித்தும் இரண்டே மாதத்தில் பாதி காய்ந்துவிட்டன. பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வெள்ளைக் கூழாங்கல் கொட்டினால் இனித் தண்ணீரே தேவைப்படாது என்கிறார் தோட்டம் அமைக்கும் ஒப்பந்ததாரர். நம்பலாமா? ஓரத்தில் ஒரு பழைய மரமும் நிற்கிறது.

பதில்: நம்ப வேண்டாம். குறைந்த தண்ணீரில் பிழைக்கும் தோட்டம் உண்டு. அதற்கும் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் ஒழுங்காக நீர் விட்டாக வேண்டும். வறட்சியைத் தாங்கும் திறன் பெரும்பாலும் வேரில் இருக்கிறது, பையிலிருந்து நேற்று இறங்கிய செடிக்கு அந்த வேர் இன்னும் வரவில்லை. காய்ந்தவற்றில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்க்கட்டி இன்னமும் வளர்ப்புப் பையின் வடிவத்திலேயே இருந்து, அடியில் வேர்கள் கயிறு சுற்றியதுபோல் வளைந்து கிடந்தால், அந்தச் செடி உங்கள் மண்ணுக்குள் கால் வைக்கவே இல்லை என்று பொருள். பெரிய செடிதான் சீக்கிரம் நிலைக்கும் என்று விற்பவர் சொல்வார். நடப்பது பெரும்பாலும் நேர்மாறாக. சிறிய செடியாக, பையை விலக்கி வேரைக் காட்டச் சொல்லி வாங்கி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். ‘குறைந்த நீர் போதும்’ என்று அட்டை கட்டித் தொங்கவிடுகிறவர்கள், நட்டு எத்தனை மாதம் கழித்து என்பதை எழுதுவதில்லை, அதைக் கேட்பாரும் இல்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. தெளித்த மறுநாள் காலையில் சிறு குழி தோண்டினால், மேலே இரண்டு விரற்கடை ஈரமும் அதன் கீழே புழுதியும்தான் இருக்கும். மேலேயே ஈரம் கிடைக்கும்போது வேர் ஆழத்துக்குப் போவதில்லை. சுமார் 30 செ.மீ. ஆழம் நனையும்படி மெதுவாக விட்டு, மேல்மண் காய்ந்த பிறகே மறுபடி விடுங்கள். முதலில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, போகப்போக இடைவெளியைக் கூட்டலாம்.

இனி அந்தக் கூழாங்கல். இந்த யோசனையால் பாழான தோட்டங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பிளாஸ்டிக் தாள் வெயிலை விடவும் முதலில் மழையைத்தான் தடுக்கிறது. மண்ணுக்குக் காற்றும் போவதில்லை. கல் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடுகிறது. ஓரிரு ஆண்டுகளில் கல்லிடுக்கில் தூசியும் சருகும் படிந்து, தாளுக்கு மேலேயே களை முளைக்கும். அதைச் சுத்தம் செய்ய அதே ஒப்பந்ததாரர் தனிக் கூலி கேட்டு வருவார். அதற்குப் பதில் உலர்ந்த இலைச்சருகையோ மரச்சீவலையோ ஏழெட்டு செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் விடுங்கள். மட்கும்போது நிரப்ப வேண்டியிருக்கும், ஆனால் அது மண்ணுக்கு உணவாகிறது.

மரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் பெரிய கவலை. தண்ணீரைக் குறையுங்கள் என்ற விதி இங்கே அப்படியே பொருந்தாது, ஏனென்றால் புல்லுக்குத் தெளித்த தண்ணீரைத்தான் அந்த மரமும் இத்தனை காலம் குடித்து வந்திருக்கிறது. அதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே, கிளைகளின் நிழல் வட்டத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். புல்லையும் தண்ணீரையும் ஒரே நாளில் எடுத்தால் மரம் உடனே வாடாது. உச்சிக் கிளைகள் ஓராண்டோ ஈராண்டோ கழித்து நுனியிலிருந்து காயும், அப்போது யாரும் பழைய புல்வெளியை நினைக்க மாட்டார்கள். ஆகவே வறண்ட மாதங்களில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அடிமரத்தில் அல்லாமல் நிழலின் விளிம்பை ஒட்டிக் குழாயை மெல்லத் திறந்து வைத்து, இடம் மாற்றி மாற்றி நனையுங்கள். மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஈரம் இருக்கும் ஆழம் வரை தடையின்றி இறங்கும், 30 முதல் 45 செ.மீ. இறங்கினால் போதும். சொட்டுநீர்க் குழாயை அடிமரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போகிறவர்களை அனுமதிக்காதீர்கள். வேர்ப்பரப்பின்மேல் புதிதாக மண் உயர்த்தவும் கூடாது.

புதிதாக நடும்போது தாகம் அதிகமுள்ள செடிகளையும் குறைந்தவற்றையும் கலக்காமல் தனித்தனிக் கூட்டமாக வையுங்கள். முதல் கூட்டம் கூரைத் தண்ணீர் விழும் பக்கம் இருக்கட்டும். நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். வீட்டு வரைபடம் போடுகிறவர் அந்தத் தண்ணீரைச் சாலை வடிகாலுக்கு அனுப்பக் குழாய் வரைகிறார், ஒப்புதல் தருகிறவர் கையெழுத்திடுகிறார், அடுத்த கோடையில் நம்மிடமே தண்ணீரைச் சேமிக்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. அந்தக் குழாயின் வாயைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு ஆழமில்லாத பள்ளத்துக்குத் திருப்புங்கள். திருப்பும் முன், அதே இடத்தில் 30 செ.மீ. குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் தேங்கியிருந்தால், வீடு கட்டியபோது இறுகிய மண்ணும் இடிபாடும் அடியில் இருக்கக்கூடும். அதைக் கடப்பாரையால் உடைத்து அள்ளிய பிறகே பள்ளமும் செடியும்.