வயித்துல இருக்க பிள்ளைக்கு கட்டியா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி (மேலூர்): மேடம், அஞ்சாம் மாச ஸ்கேன்ல பிள்ளைக்கு முதுகுத்தண்டு முடியுற எடத்துல கட்டி இருக்குன்னுட்டாங்க. நைட்டெல்லாம் தூக்கமில்ல. கேன்சரா?

பதில்: அந்த எடத்துல வர்றது பெரும்பாலும் டெரடோமாம்மா, பலவகை திசு கலந்து வளர்ற கட்டி அது, 35,000ல இருந்து 40,000 பிரசவத்துக்கு ஒண்ணுன்னு வரும், பிறக்குறப்ப அனேகமா கேன்சரா இருக்காது. கட்டி எவ்ளோ பெருசுன்னு மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. ஸ்கேன்ல கருப்பா தெரிஞ்சா நீர், அது ஓரளவு ஆறுதல். கெட்டியா இருந்து டாப்ளர் ஸ்கேன்ல ரத்த ஓட்டம் ஜாஸ்தின்னா, பிள்ளையோட ரத்தத்த கட்டியே இழுத்துக்கும், ஹார்ட் கட்டிக்கும் சேத்து பம்ப் பண்ணி பண்ணி ஒரு கட்டத்துல தாங்காது, அப்புறம் தோலுக்கடியில நீர் கோக்கும், நஞ்சுக்கொடி தடிக்கும், பனிக்குட நீர் கூடும். இதுக்குத்தான் பிள்ளை ஹார்ட்ட பாக்குற எக்கோவும் அடிக்கடி ஸ்கேனும், வேகமா வளந்தா வாராவாரம். உங்களுக்கே உடம்பு வீங்கி பிரஷர் ஏறுனா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போங்க. கட்டி 5 செ.மீ.க்கு மேலன்னா பொதுவா சிசேரியன்தான். பிறந்தப்புறம் வால் எலும்போட சேத்து எடுக்கணும், எலும்ப விட்டா திரும்ப வரலாம். அதனால குழந்தை சர்ஜன் இருக்க எடத்துலயே பிரசவம் வச்சுக்கங்க, நம்ம மதுரை பெரியாஸ்பத்திரிலயே இருக்காங்க.

கேள்வி (உசிலம்பட்டி): ஒய்ஃப்க்கு ஏழாம் மாசம். பிள்ளை ஹார்ட்டுக்குள்ள வெள்ளையா மூணு கட்டி இருக்காம். ஆபரேஷன் பண்ணணுமா?

பதில்: அனேகமா ராப்டோமயோமாவா இருக்கும் தம்பி, ஹார்ட் தசையில வர்ற கேன்சர் இல்லாத கட்டி. ரத்த ஓட்டத்த அடைக்கல, துடிப்பு சீரா இருக்குன்னா ஆபரேஷன் தேவப்படாது, பிறந்தப்புறம் நெறைய பிள்ளைங்களுக்கு தானா சுருங்கிரும். ஆனா ஒண்ணுக்கு மேல இருக்கறதால டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்னு ஒரு ஜீன் கோளாறு இருக்கான்னு கண்டிப்பா பாக்கணும், அதுல பின்னாடி வலிப்பு வரலாம். பிள்ளை மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா பயப்படாதீங்க, கதிர்வீச்சு கிடையாது, மருந்து ஊசியும் போட மாட்டாங்க. ஜெனிடிக் கவுன்சிலிங்குக்கு ரெண்டு பேருமா போங்க. குடும்பத்துல யாருக்காவது வலிப்போ தோல்ல வெள்ளைத் திட்டோ இருந்தா மறைக்காம சொல்லிருங்க.

கேள்வி (அலங்காநல்லூர்): கிரகணத்தன்னைக்கு வெளிய வந்ததாலதான் பிள்ளைக்கு கட்டின்னு அத்தை ஏசுறாங்க மேடம்.

பதில்: இல்லவே இல்லம்மா. டெரடோமால்லாம் கரு உருவாகுற ஆரம்பத்துலயே உள்ள தொடங்குறது, நீங்க நடந்ததோ சாப்ட்டதோ காரணமில்ல. அடுத்த ஸ்கேனுக்கு அத்தையவும் கூட்டிட்டு வாங்க, நானே ஸ்கிரீன காட்டி பேசுறேன்.

கேள்வி (திருமங்கலம்): இந்த வால் எலும்பு கட்டி பொம்பளப் பிள்ளைக்குத்தான் ஜாஸ்தியாமே. அப்ப எங்களுக்கு என்ன பிள்ளைன்னு சொல்லலாம்ல?

பதில்: ஜாஸ்திங்கறது உண்மைதான், ஆனா 1994 சட்டப்படி சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். எந்தப் பிள்ளையா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதாங்க.