பருப்பு முதலில் கரையட்டும்

வணக்கம் ஐயா. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், வயது 74. காய்ச்சல் விட்டு இப்போதுதான் எழுந்து உட்கார்கிறார். துவரம்பருப்பு, முட்டைக்கோஸ், தக்காளி எல்லாம் ஒன்றாகப் போட்டு சூப் வைத்துக் கொடுக்கிறேன். பருப்பு சரியாக வேகவே மாட்டேன் என்கிறது. வயிறு உப்புகிறது என்று இரண்டு வாயிலேயே தள்ளிவிடுகிறார். காலை 6 மணிக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும், மதியம் அம்மா தனியாகத்தான் இருப்பார். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா தள்ளிவிடுவதில் நியாயம் இருக்கிறது. நோயாளிக்கு வைக்கும் சூப்பில் பருப்பு முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். காய், வாசனை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தக்காளியை முதலிலேயே போடாதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு லேசில் இளகாது. பருப்பு பழையதா என்றும் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைப்பாகவே நிற்கும். சம்பளம் போட்டதும் மொத்தமாக வாங்கி டின்னில் கொட்டி வைப்பது தோட்டத்தில் இருந்தபோது வந்த பழக்கம். இப்போது கடை பக்கத்திலேயே இருக்கிறது, அரைக் கிலோ வாங்கினால் போதும்.

துவரைக்குப் பதிலாகத் தோல் நீக்கிய பாசிப்பருப்பை எடுங்கள். சீக்கிரம் குழையும், வயிற்றுக்கும் இதமானது. பருப்பில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் நொதித்து வாயுவாகின்றன. ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பகுதி போய்விடும். முட்டைக்கோஸிலும் இதே தொல்லை உண்டு. கேமரன் மலையிலிருந்து எவ்வளவு பச்சையாக வந்து இறங்கினாலும் இந்த வாரம் வேண்டாம்.

அரைக் குவளை பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, 5 குவளை தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், தட்டிய இஞ்சி ஒரு துண்டு சேர்த்து வேகவையுங்கள். நுரை பொங்கினால் எடுத்துவிடுங்கள். மத்தால் கடைந்தால் பருப்பு முழுசாக ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. அதன்பிறகு தோல் சீவிய பீர்க்கங்காயோ சுரைக்காயோ ஒரு கை, பொடியாக நறுக்கிய கேரட் கொஞ்சம். காய் மசிந்ததும் அரைத் தக்காளி, உப்பு. ஒரு தேக்கரண்டி நெய்யில் சீரகம், நுணுக்கிய மிளகு, துளி பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். காய்ச்சலில் நாக்கு செத்துப்போனவருக்கு மிளகும் சீரகமும்தான் முதலில் ருசி காட்டும். கடையில் விற்கும் சூப் கட்டி வேண்டாம், அதில் பெரும்பகுதி உப்பு. தேங்காய்ப்பாலும் இப்போது கனம். தால்சா போன்ற கனத்த பருப்புக் குழம்பெல்லாம் அம்மா நன்றாகத் தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், பருப்பு எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. அம்மா தனியாக அடுப்பு பற்றவைக்கும் நிலை வரக்கூடாது. இரவே சூப் வைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் சூட்டில் வெளியே கிடந்தால் வெந்த பருப்பு சீக்கிரம் கெட்டுவிடும். காலையில் கூழாக இறுகியிருக்கும், வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்கவையுங்கள். வாய் அகன்ற ஃபிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் கொதிக்கும் சூப்பை விளிம்புவரை நிரப்புங்கள். நல்ல ஃபிளாஸ்க் என்றால் மதியமும் ஆவி பறக்கும். திறக்கும்போது வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் குடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். மூடியைக் காலையிலேயே அவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், காய்ச்சல்பட்ட கைக்குச் சில மூடிகள் அசையாது.