டி.பி. மாத்திரை சாப்பிடும்போது பீடி குடிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. நுரையீரல் காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. காய்ச்சல் நின்றுவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. நடுவில் விட்டிருந்த பீடியை, "உடம்புதான் தேறிடுச்சே, ஒரு நாளைக்கு நாலு தானே" என்று மறுபடி தொட்டுவிட்டார். மாத்திரை வேலை செய்யாமல் போய்விடுமா? பீடி குடிக்கிற நாளில் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டாவது கேள்விதான் அவசரமானது. ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். புகையும் மருந்தும் சேர்ந்தால் விஷம் என்று யாரோ சொன்னதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. பீடியால் வரும் கெடுதலோடு, மருந்துக்கு அடங்காத டி.பி.யையும் அவர்கள் வரவழைத்துக்கொள்கிறார்கள். பீடி குடித்த நாளிலும் மாத்திரை உள்ளே போயாக வேண்டும்.

சரி, மாத்திரை வேலை செய்யுமா? செய்யும், ஆனால் அதற்குத் துணை குறைந்துவிடும். நுரையீரலின் காற்றறைகளில் கிருமியை விழுங்கிக் கொல்லும் செல்கள் இருக்கின்றன. காசநோய்க் கிருமி ஒளிந்து வாழ்வதும் அவற்றுக்குள்தான். புகைபிடிப்பவரின் இந்தச் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பழுப்புத் துகள் அடைந்து கிடக்கும். கொல்லும் திறனும் மங்கிவிடும். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய முடிகளும் புகையில் செயலிழக்கின்றன. அதனால்தான் புகைபிடிப்பவர்களுக்குச் சளியில் கிருமி மறையத் தாமதமாகிறது. குணமான பிறகு நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம்.

உங்கள் கணவர் தேறியதாக உணர்வது உண்மைதான். முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் மந்தமான கிருமிகளை ஒழிக்கத்தான் ஆறு மாதம். இப்போது அலட்சியம் கூடாது. சென்னை ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். புகைபிடித்தவர்களிடம் காசநோய் மரணம் சுமார் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. பீடி, சிகரெட் எதுவானாலும் ஆபத்துதான். பீடியில் ஃபில்டர் கிடையாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கவும் வேண்டும். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து ஈடுகட்டிவிடுவார்கள். "நாலு தானே" என்ற கணக்கு எனக்குச் சமாதானமாக இல்லை.

இன்னொன்று, கிருமி போன பின்னும் நுரையீரலில் தழும்பு தங்கும். அதன்மேல் புகையும் சேர்ந்தால், டி.பி. குணமானவர் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குவார்.

விடுவது எப்படி? முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். வீட்டில் சண்டை பிடிக்காமல் இருங்கள். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். காலை டீயோடு பீடி என்றால், டீ குடிக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். நிகோடின் சூயிங்கம் உதவும், டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். அதைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது; காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும், டீ காபி குடித்த உடனே போடவும் கூடாது. புகையை விட உதவும் புப்ரோபியான் மாத்திரையை யாராவது சிபாரிசு செய்தால், டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லுங்கள், ரிஃபாம்பிசின் புப்ரோபியானின் வீரியத்தைக் குறைத்துவிடும். பீடிக்குப் பதில் ஹான்ஸ் போன்ற வாயில் ஒதுக்கும் புகையிலை வேண்டவே வேண்டாம். புகையை விட்டால் பசி எடுக்கும், எடை கூடும்; மற்றவர்கள் அதற்குப் பயப்படுவார்கள், டி.பி. நோயாளிக்கு அது லாபம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனையும் கிடைக்கும்.

இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை வரும், நீங்களும் கூடப் போங்கள். பீடி பற்றி அங்கே மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து சிலர் சிகிச்சை மையத்துக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இன்னும் பரிசோதனை செய்யவில்லை என்றால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.