மஸ்டாங்கா, எம்340ஐயா? ராணிப்பேட்டை தம்பிக்கு என் பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். ராணிப்பேட்டைல லெதர் கெமிக்கல் ஏஜென்சி வச்சிருக்கேன், வயசு 36. வீட்ல மனைவி, 8 வயசுல ஒரு பையன், 3 வயசுல பொண்ணு, முட்டி வலியோட எங்கம்மா. இதுவரைக்கும் ஓட்டின இன்னோவா இனிமே ஏஜென்சி வேலைக்குப் போகுது. பெங்களூர்ல 2018 மாடல் சிவப்பு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், சென்னைல 2021 மாடல் பிஎம்டபிள்யூ எம்340ஐ ஒண்ணு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே ரேட்ல முடியும்போல. என் மனசு மஸ்டாங்லயே நிக்குது. மச்சான் "லைஃப்ல ஒரு தடவை, வாங்கிடு"ன்றான், வீட்ல "அதுல அத்தையை எப்படி ஏத்துவீங்க"ன்றாங்க. இன்னா பண்றதுன்னே தெரியல.

பதில்: தம்பி, நேரா சொல்லிடறேன், எம்340ஐ வாங்குங்க. மஸ்டாங் வேணாம்னு எழுதறதுக்கு எனக்கே கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, அந்த வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) சத்தத்தைப் பக்கத்துல நின்னு கேட்டவங்க யாருக்கும் அதை வேணாம்னு சொல்ல வாய் வராது. ஆனா நீங்க கேட்டது ரெண்டுல எது நல்ல காருன்னு இல்ல, இன்னோவா நின்ன இடத்துல எதை நிறுத்தறதுன்னு. அந்த இன்னோவா சமாச்சாரம்தான் உங்க லெட்டர்லயே முக்கியமான விஷயம், நீங்க அதைப் போற போக்குல ஒரு வரியா எழுதிட்டு சிவப்பு கலருக்குத் தாவிட்டீங்க.

முதல்ல உங்க மச்சான் மனசுல இருக்கிற ஒரு கணக்கைச் சரி பண்ணிடலாம். மஸ்டாங் மாதிரி ரெண்டு கதவு கூபேன்னா வேகம், எம்340ஐ மாதிரி நாலு கதவு செடான்னா ரிட்டையர் ஆனவங்க ஓட்டறது, இதுதானே? நம்ம நாட்ல வித்த மஸ்டாங் ஜிடில 5.0 லிட்டர் வி8, டர்போ கிடையாது, 401 குதிரைசக்தி, 515 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை சக்தி. 2021ல வந்த எம்340ஐல 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ, 387 குதிரைசக்தி, 500 நியூட்டன் மீட்டர். பேப்பர்ல மஸ்டாங் கொஞ்சம் மேல. ஆனா அந்த டார்க் எப்ப வந்து சேருதுன்றதுலதான் விஷயமே இருக்கு. மஸ்டாங்ல அது முழுசா வரணும்னா இன்ஜின் சுத்தற வேகத்தை 4,250 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தணும், பிஎம்டபிள்யூல 2,000 ஆர்பிஎம் வர்றதுக்கு முன்னாடியே முழுசா வந்து 5,000 வரைக்கும் அப்படியே நிக்கும். பள்ளிகொண்டா டோல் தாண்டி ரெண்டு லாரி ஒண்ணை ஒண்ணு ஓவர்டேக் பண்றேன்னு ரோட்டையே அடைச்சிகினு போவானுங்களே, அதுல ஒருத்தன் ஒதுங்கின உடனே நீங்க மிதிச்சா எம்340ஐ அந்த செகண்டே கிளம்பிடும், மஸ்டாங் ஒரு கியர் குறைச்சு, உறுமி, அப்புறம்தான் கிளம்பும். அந்த உறுமலுக்குத்தான் மஸ்டாங் வாங்கறாங்க, அதை நான் குறை சொல்லல. ஆனா 0ல இருந்து 100 போக எம்340ஐக்கு கம்பெனி சொல்ற டைம் 4.4 செகண்ட், நாலு சக்கரத்துக்கும் பவர் போகுது. மஸ்டாங்ல பின் சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான். ஐப்பசி மழைல ஈர ரோட்ல 515 நியூட்டன் மீட்டரை ரெண்டு டயர் மட்டும் தாங்கணும்னா வலது காலுக்கு நிறைய பொறுமை வேணும். ஆகமொத்தம் வேகத்துக்காக கூபேன்ற பேச்சு இந்த ரெண்டு வண்டிக்கு நடுவுல எடுபடாது.

அடுத்தது, ரெண்டு கதவு வண்டிதானே, சின்னதா இருக்கும், வேலூர் டவுனுக்குள்ள பார்க்கிங்குக்கு வசதின்னு நினைச்சிருந்தீங்கன்னா அதையும் விட்ருங்க. மஸ்டாங்தான் நீளம், எம்340ஐயை விட சுமார் 7 சென்டிமீட்டர் அதிகம். ஆனா முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் அதுல 2,720 மில்லிமீட்டர், பிஎம்டபிள்யூல 2,851. வண்டி நீளம், ஆனா ஆள் உக்கார்ற இடம் கம்மி, மிச்சம் இடமெல்லாம் அந்த நீள பானட்டுக்குப் போயிடுச்சு. அதோட கூபே கதவு செடான் கதவை விட ரொம்ப நீளம், பாதி திறந்துட்டு நைசா இறங்க முடியாது. காட்பாடி ரோட்ல ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவுல நிறுத்திட்டு, இல்ல தோட்டப்பாளையம் பக்கம் சந்துல சொருகிட்டு, அந்தக் கதவைத் திறந்து, முன் சீட்டை மடிச்சு, 3 வயசுப் பொண்ணை பின்னாடி சைல்டு சீட்ல வச்சு பெல்ட் போட்டுப் பாருங்க, வாங்கின முதல் வாரம் சிரிச்சிகினே பண்ணுவீங்க.

இதெல்லாம் சிரமம், சமாளிச்சிடலாம். சமாளிக்க முடியாதது ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் நான் இவ்ளோ உறுதியா எழுதறேன். ஐரோப்பால யூரோ என்கேப்னு க்ராஷ் டெஸ்ட் பண்றாங்க இல்ல, அவங்க 2017 ஜனவரில இந்த மஸ்டாங்குக்குக் குடுத்தது 2 ஸ்டார். அவ்ளோ பெரிய பேருள்ள வண்டிக்கு 2 ஸ்டாரான்னு அப்ப எல்லாருக்கும் ஆச்சரியம். குழந்தைங்க பாதுகாப்புக்கு வந்த மார்க் 32 சதவீதம். முன்பக்க மோதல் டெஸ்ட்ல பின் சீட்ல உக்காந்த பொம்மை பெல்ட்டுக்கு அடியில வழுக்கிப் போச்சு, ஏன்னா மோதற நேரத்துல பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சிஸ்டம் பின் சீட்ல இல்ல. அப்புறம் ஃபோர்டு சில மாத்தம் பண்ணி, மூஞ்சி மாத்தின மாடலுக்கு 3 ஸ்டார் வாங்கினாங்க, ஆனா 2016ல இருந்து நம்ம ஊருக்கு வந்ததும் நீங்க பாத்து வச்சிருக்கிற 2018ம் பழைய மூஞ்சிதான். எம்340ஐ எந்த 3 சீரிஸ் பாடில வருதோ அது 2019ல 5 ஸ்டார் வாங்கினது. ரெண்டு பசங்களும் எங்க உக்காரப் போறாங்க தம்பி? பின் சீட்ல. நீங்களும் உங்க வீட்லயும் ஏர்பேக்கோட முன்னாடி. இதை உங்க மச்சான்கிட்டயும் சொல்லுங்க, அவரும் அந்தப் பசங்களுக்கு மாமாதானே.

அம்மா விஷயத்துக்கு வரேன். செடானே தாழ்வான வண்டிதான், இன்னோவால நேரா உக்காந்து பழகின முட்டிக்கு எம்340ஐ கூட முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், அதை மறைக்க விரும்பல. ஆனா தனிக் கதவு இருக்கு, முதல்ல உக்காந்துட்டு அப்புறம் காலை உள்ள எடுத்து வச்சிக்கலாம். மஸ்டாங்ல பின் சீட்டுக்கு அம்மா போகவே முடியாது, முன் சீட்லதான் உக்காரணும், அப்ப உங்க வீட்டம்மா பசங்களோட பின்னாடி மடங்கி உக்காரணும். சென்னை வரைக்கும் அப்படி ஒரு தடவை போயிட்டு வந்தா அப்புறம் வீட்ல அந்த வண்டியைப் பத்தி நல்லவிதமா பேச யாரும் இருக்க மாட்டாங்க. நீங்க லெதர் தொழில்ல இருக்கறவரு, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன், கல்யாணத்துக்குப் போடற பாயிண்டட் ஷூ அது, ஷோகேஸ்ல அதை அடிச்சிக்க ஆள் இல்ல, தினமும் போட்டா காலைக் கடிக்கும்.

சரி, ஏலகிரி? நீங்க எழுதல, ஆனா மஸ்டாங் வாங்கற ஆளு மனசுல ஒரு மலை ரோடு ஓடிகினு இருக்கும்னு எனக்குத் தெரியும். மலை அடிவாரத்துல இருக்கிற பொன்னேரில இருந்து மேல 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர், வள்ளல்னு பேர் வச்சிருக்காங்க, நல்ல ரோடுதான். ஆனா 1.9 மீட்டர் அகலத்துல ஒரு வண்டி, எதுக்க முழு வளைவையும் எடுத்துகினு இறங்கற பஸ், பின்னாடி ஹாரன் அடிக்கிற சுமோ. வி8க்கு அங்க வேலையே இல்ல, ரெண்டாவது கியர்லயே பாதி மலை முடிஞ்சிடும். அந்த ரோட்ல வளைவை விட்டு வெளிய வர்றப்ப நாலு சக்கரமும் பிடிக்கிற செடான்தான் உங்களுக்குச் சந்தோஷம் குடுக்கும். நிஜமாவே வண்டியை முழுசா ஓட்டிப் பாக்கணும்னு ஆசைன்னா சென்னை போற வழில இருங்காட்டுக்கோட்டைல ரேஸ் ட்ராக் இருக்கு, ட்ராக் டே நடத்தறப்ப ஹெல்மெட்டோட போய் அங்க மிதிங்க. நம்ம ஹைவேல வேணாம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கமெல்லாம் ஜனங்க குறுக்க நடந்து கடக்கிற ரோடு அது.

அப்புறம் காசு. மஸ்டாங்கை ஃபோர்டு இங்க தயாரிக்கவே இல்ல, அமெரிக்கால இருந்து கப்பல்ல வந்தது. 2021 செப்டம்பர்ல இந்தியால தயாரிப்பை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க, மறைமலைநகர் ஃபேக்டரி 2022ல நின்னுச்சு. சர்வீஸ் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா ஃபிகோ பார்ட்ஸ் கிடைக்கிற மாதிரி மஸ்டாங் ஹெட்லைட்டும் பம்பரும் கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, ஸ்பீடு பிரேக்கர்ல ஒரு அடி வாங்கினா வாரக்கணக்குல காத்திருக்க ரெடியா இருங்க. எம்340ஐ கதை வேற. அதை மறைமலைநகரைத் தாண்டி கொஞ்ச தூரத்துல இருக்கிற மகேந்திரா சிட்டி பிளான்ட்லதான் அசெம்பிள் பண்றாங்க. ஜெர்மன்காரன் வண்டி நம்ம செங்கல்பட்டு பக்கத்துப் பிள்ளை. பார்ட்ஸ் விலை அதுக்காகக் குறைச்சல்னு நினைச்சிடாதீங்க, கிடைக்கும்னு மட்டும்தான் சொல்றேன். சர்வீஸுக்கு சென்னையோ பெங்களூரோதான் ஓடணும், அது ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

பெங்களூர் வண்டில இன்னொரு தலைவலி, அது கேஏ நம்பர், கர்நாடகா பதிவு. அங்க என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்ற சான்றிதழ்) வாங்கணும், நம்ம ஆர்டிஓல மறுபதிவு பண்ணணும், தமிழ்நாட்டு வரியைத் திரும்பக் கட்டணும். இங்க 20 லட்சத்துக்கு மேல விலை உள்ள புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அதாவது 70 லட்ச ரூபாய் வண்டின்னா வரி மட்டும் 14 லட்சம். பழைய வண்டிக்கு வயசுக்குத் தகுந்த மாதிரி குறையும், ஆனா குறைஞ்சும் ஒரு சின்ன கார் வாங்கற காசு போகலாம். கர்நாடகால கட்டின வரில மிச்சத்தைத் திருப்பிக் கேக்கலாம், அதுக்கு நீங்க ஏஜென்சியை மூடிட்டு ஃபைல் தூக்கிகினு அலையணும். அதனால "ஒரே ரேட்"னு நீங்க எழுதினது சரி இல்ல, சென்னை வண்டி டிஎன் நம்பரா இருந்தா பேர் மாத்தறதோட வேலை முடிஞ்சிடும். கேஏ நம்பர்லயே ஓட்டிக்கலாம்னு புரோக்கர் சொன்னா 12 மாசத்துக்கு மேல அது செல்லாதுன்னு சொல்லிடுங்க.

இப்ப எம்340ஐ வாங்கறப்ப பாக்க வேண்டியது. பெரிய பயம் ரீமேப், அதாவது பவர் ஏத்தறதுக்காக இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தறது. இந்த இன்ஜினை வாங்கினவங்கள்ல நிறைய பேர் சும்மா வச்சிருக்க மாட்டாங்க, ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு போட்டு பவரை ஏத்தி ஓட்டிட்டு, விக்கறப்ப நல்ல பிள்ளையா கம்பெனி செட்டிங்குக்கு மாத்தி விடுவாங்க. அதனால கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே காசு கட்டி முழு செக்கப் போடுங்க, சர்வீஸ் ஹிஸ்டரி மொத்தமும் கேளுங்க, டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக் குழாய்), இன்டேக் (காத்து உள்ள போற குழாய்) எல்லாம் கம்பெனியோடதான்னு லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. கூலண்ட் அளவு குறைஞ்சிருக்கான்னு பாருங்க. டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 3221ன்னு இருந்தா 2021ல 32வது வாரம் செஞ்சது, டயர் பட்டன் தேயாம எவ்ளோ இருந்தாலும் மாத்தற செலவை விலைல கழிங்க. ரிம் நெளிஞ்சிருக்கான்னு நாலையும் சுத்தி விட்டுப் பாருங்க, வாலாஜா தாண்டி சென்னை வரைக்கும் ரோடு வேலை நடந்த லட்சணத்துக்கு அலாய் தப்பிச்ச வண்டி அபூர்வம். வாரண்டியை நீட்டிச்சிருக்காங்களா, இல்லன்னா இப்ப நீட்டிக்க முடியுமா, இது ரொம்ப முக்கியம், வாரண்டி இல்லாத எம்340ஐன்னா விலைல நல்லா பிடிச்சுக் குறைங்க. பெட்ரோல் 95 ஆக்டேனா போடுங்க.

நடுவழியா நாலு கதவு கூபேன்னு ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக் இருக்கேன்னு யாராவது சொல்வாங்க. 3.0 லிட்டர் வி6, நல்ல வண்டி, அழகுல எம்340ஐக்கு மேல. ஆனா பின்பக்கம் கூரை சரியறதுனால அம்மா தலை குனிஞ்சு ஏறணும், அதனால உங்களுக்கு அது ஒத்துவராது.

மச்சான் சொன்ன "லைஃப்ல ஒரு தடவை"ல ஒரு நியாயம் இருக்கு. வீட்ல இன்னோவா இன்னோவாவாவே நின்னிருந்தா, இந்தப் பதில் அப்படியே தலைகீழா இருந்திருக்கும், மஸ்டாங்கை வாங்குங்க, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு தனியா எடுத்துகினு போங்கன்னு எழுதியிருப்பேன். ரெண்டாவது வண்டியா வாங்கறதுக்கு கூபேயைவிட நல்ல வண்டி கிடையாது. உங்க பொண்ணு சைல்டு சீட்டை விட்டு வெளிய வந்து, ஏஜென்சிக்குத் தனி வண்டி வாங்கினப்புறம் திரும்ப எழுதுங்க, அப்ப சந்தையில எது இருக்கோ பாப்போம்.

இந்த ஞாயித்துக்கிழமை அம்மாவையும் பசங்களையும் கூட்டிகினு சென்னை போங்க, அந்த எம்340ஐல எல்லாரையும் உக்கார வச்சு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, அம்மா எப்படி ஏறி இறங்கறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க. பெங்களூர் ஆளுக்கு டோக்கன் அட்வான்ஸ் ஏதாவது குடுத்திருந்தீங்கன்னா அவர் என்ஓசிக்கு எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடியே பேசித் திருப்பி வாங்கிடுங்க.