எஞ்சின் பிராக்கெட்: தகடு வாங்கியாயிற்று, அடுத்து?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா ஓட்டிய 1980ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பக்கியை (பிக்கப் வண்டியை) வீட்டிலேயே புதுப்பிக்கிறேன். பழைய எஞ்சின் தேறாது. டொயோட்டாவின் 4ஒய் எஞ்சின் வாங்கிவிட்டேன். அதைச் சேஸிஸில் தாங்கும் பிராக்கெட்டை நானே செய்ய எத்தனை மில்லிமீட்டர் தகடு வேண்டும்?”

6 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் போதும். ஆனால் வாங்கிய தகட்டைச் சுவரில் சாய்த்து வையுங்கள். கிரைண்டரை இப்போது தொட வேண்டாம்.

முதலில் எஞ்சின் எங்கே உட்காரும் என்பதை முடிவு செய்யுங்கள். கியர்பாக்ஸைப் பூட்டிய நிலையிலேயே எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். வண்டி சமதரையில் தன் சக்கரங்களின் மேல் நிற்க வேண்டும். ஜாக்கியின் மேல் நின்றால் அளவு பொய்யாகிவிடும். சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) குறுக்குச்சட்டத்தில் இடிக்கக் கூடாது, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே 25 மில்லிமீட்டராவது வேண்டும். அடுத்தது கோணம். கியர்பாக்ஸின் வால் பின்னோக்கி 3 டிகிரி தாழ்ந்தால், பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனும் அதே அளவு மேல்நோக்கி இருக்க வேண்டும். இரண்டும் இணையாக இல்லாவிட்டால் வேகம் கூடக்கூட, கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் அந்த ஷாஃப்ட் அதிரும். பிராக்கெட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்த அதிர்வு நிற்காது.

பிறகு அட்டைப்பெட்டியை வெட்டி பிராக்கெட்டின் வடிவத்துக்கு அச்சு எடுங்கள், அதைத் தகட்டில் வரையுங்கள். முக்கோண வலுவூட்டி இல்லாத பிராக்கெட் வெறும் தட்டுதான். தகட்டை வெட்டி, இடத்தில் பூட்டி, ஆங்காங்கே புள்ளி வெல்டு வைத்ததும் சங்கிலியைத் தளர்த்தி, எஞ்சினின் முழு எடையையும் அதைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்மேல் இறக்குங்கள். ரப்பர் அமுங்கும், கோணம் மாறும்; மறுபடி அளந்து பாருங்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். பூட்டிய இடத்திலேயே முழு வெல்டையும் ஓட்டிவிட்டேன். ரப்பர் கருகியது, சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ள, கழற்றிய போல்ட் திரும்ப நுழையவில்லை. முழு வெல்டை மேசையில், தகட்டை இறுகக் கட்டி, விட்டுவிட்டுப் போடுங்கள். 7018 வகை வெல்டிங் கம்பியானால் டர்பன் காற்றின் ஈரத்தை அது குடித்துவிடும். பிரித்த பாக்கெட்டை வெளியே வைக்காதீர்கள். சேஸிஸில் ஒட்டும் துண்டுக்கு, சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளைத் தொடாமல், நீளவாக்கில் வெல்டு வையுங்கள். குறுக்கே ஓடும் வெல்டின் ஓரத்தில்தான் சேஸிஸ் வெடிக்கும். சேஸிஸில் வெல்டு வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

(வண்டியில் உட்கார்ந்து பார்க்கையில்) இடது பக்க ரப்பரைத் தனியாகக் கவனியுங்கள். முன்னோக்கி இழுக்கும்போது எஞ்சின் அந்தப் பக்கம்தான் மேலே எழும்பும். அமெரிக்காவில் 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் 66 லட்சத்துக்கும் மேற்பட்ட செவ்ரலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகவே: ரப்பர் பிரிந்ததும் எஞ்சின் எழும்பி, ஆக்சிலரேட்டரை இழுத்துக்கொண்டது. ரப்பர் கிழிந்தாலும் எஞ்சின் எழ முடியாதபடி உலோகக் கொக்கி உள்ள வகையையே வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஒரு குட்டைச் சங்கிலி கட்டுங்கள்.

எஞ்சின் எண் மாறுவதால் போலீஸ் சான்றும் பதிவுத் திருத்தமும் தேவைப்படும். எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.