கழற்றிய அலாய் வீலை விற்பது எப்படி?

கேள்வி: பழைய ஸ்விஃப்டில் போட்டிருந்த 15 இன்ச் அலாய் வீல் நான்கும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த சஸ்பென்ஷன்) செட்டும் வீட்டில் கிடக்கின்றன. புதுச்சேரியில் ஒருவர் கேட்கிறார். எப்படி விற்பது?
– வாசகர், கடலூர்

பதில்: வீலைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள், பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் பரப்பு தள்ளியிருக்கும் தூரம்) எண்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் விலையே பேசாதீர்கள், பொருந்தாத வீலை வாங்கிப் போனவர் மறுநாளே வாசலில் வந்து நிற்பார். டயரோடு கொடுத்தால் அதன் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் காட்டுங்கள். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரானது. காயில்ஓவரில் ஆயில் கசிவு இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள், அது உயிர் விஷயம். அப்புறம், பணம் கணக்கில் ஏறியதை உங்கள் போனிலேயே பார்த்துவிட்டுப் பொருளைக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பவேண்டாம், பணம் வாங்குகிறவர் யுபிஐ பின் (PIN) நம்பர் போடத் தேவையே இல்லை.